ஐஸ்காரர் வாசலில் நிற்கிறார்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: அமெரிக்கக் குடியேற்றத் துறை அதிகாரிகளைப் பற்றிய பயம். அதனால் மாமியார், வாடகை வீடு, நாத்தனார் கல்யாணம் எல்லாம் அடுத்த இதழுக்குப் போகின்றன, கோபிக்காதீர்கள். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் வக்கீல் இல்லை. கலிபோர்னியாவில் ஆஸ்பத்திரிகளிலும் கோர்ட்டுகளிலும் 19 வருடம் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருந்தவள். அங்கே கண்டதையும் காதில் விழுந்ததையும் வைத்துத்தான் பேசுகிறேன். உங்கள் சொந்தக் கேஸுக்கு வக்கீலைப் பாருங்கள்.

*மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். குடியேற்றத் துறை அதிகாரிகள் வந்தால் பள்ளி என்ன செய்யும் என்று ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறார்கள். பள்ளிக்குள் அவர்கள் வரக் கூடாது என்று சட்டம் இருந்ததாமே, அது என்ன ஆயிற்று? நாங்கள் ஹெச்1பி வேலை விசாவிலும் ஹெச்4 குடும்ப விசாவிலும் இருக்கிறோம். எங்களுக்கும் இதில் பயப்பட ஏதாவது இருக்கிறதா அக்கா?*
— ஒரு அம்மா, ஃப்ரீமான்ட்

எங்கள் ஊர் தென்காசிப் பக்கம். அங்கே ஐஸ்காரர் என்றால் சைக்கிள் கேரியரில் மரப்பெட்டி கட்டிக்கொண்டு வருகிறவர். இடைவேளை மணி அடிக்கும்போது சரியாகப் பள்ளிக்கூட வாசலில் நிற்பார். சேமியா ஐஸுக்காக நான் என் தம்பியைத் தள்ளிவிட்டு ஓடியிருக்கிறேன். போன வருடம் எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் 'பள்ளி வாசல்ல ஐஸ் நிக்குது' என்று ஒருவர் போட்டபோது, என் மூளைக்கு அந்த மரப்பெட்டிதான் முதலில் வந்தது. அப்புறம்தான் புரிந்தது, அவர் சொன்னது அமெரிக்கக் குடியேற்ற அமலாக்கத் துறையை (ICE, ஐஸ்) என்று. நல்ல வேளை, அன்று வந்தது தண்ணீர் வாரியத்து வண்டி.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் சட்டம் என்று நினைத்தது வெறும் சுற்றறிக்கை. நம் ஊரில் அரசாங்க ஆபீஸில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த வித்தியாசம் சட்டென்று பிடிபடும். சட்டத்தை மாற்ற சபை கூட வேண்டும். சுற்றறிக்கையை மாற்ற அதே நாற்காலியில் வேறு ஆள் உட்கார்ந்தால் போதும். பள்ளி, கோயில், சாவு ஊர்வலம் போன்ற இடங்களில் கைது வேண்டாம் என்று குடியேற்ற அதிகாரிகளுக்கு முதல் குறிப்பு 1993லேயே போயிருக்கிறது. 2011 அக்டோபரில் அப்போதைய ஐஸ் தலைவர் ஜான் மார்டன் அதை விரிவாக எழுதினார்: பள்ளி, ஆஸ்பத்திரி, வழிபாட்டு இடம், கல்யாணம், இறுதிச் சடங்கு, ஆர்ப்பாட்டம். 2021 அக்டோபரில் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை அமைச்சர் மயோர்காஸ் பட்டியலை இன்னும் நீட்டினார். விளையாட்டு மைதானம், ஸ்கூல் பஸ் நிறுத்தம், தடுப்பூசி மையம், இலவச உணவு கொடுக்கும் இடம் எல்லாம் அதில் சேர்ந்தன. 2025 ஜனவரி 20ஆம் தேதி, புது அரசு பதவியேற்ற அன்றே, பொறுப்பு அமைச்சராக இருந்த பெஞ்சமின் ஹஃப்மன் ஒரே தாளில் அதை ரத்து செய்தார். 30 வருடத்துக்கு மேல் ஐந்து ஜனாதிபதிகளைத் தாண்டி நின்ற ஏற்பாடு ஒரு நாளில் போனதைப் பார்த்து எல்லோரும் அதிர்ந்தார்கள். எனக்கோ, இத்தனை வருடம் இதைச் சட்டமாக்காமல் எப்படி நிம்மதியாக இருந்தோம் என்பதுதான் அதிர்ச்சி.

ஆனால் சுற்றறிக்கை போனதால் பள்ளியின் கதவே போய்விடவில்லை. வீடோ பள்ளியோ, பொதுமக்கள் இஷ்டம்போல் நுழைய முடியாத இடத்துக்குள் அதிகாரி வர வேண்டுமானால், உள்ளே இருப்பவரின் சம்மதம் வேண்டும், இல்லாவிட்டால் நீதிபதி கையெழுத்திட்ட வாரண்ட் வேண்டும். இது அரசியல் சாசனத்தின் நான்காவது திருத்தம். எந்த அமைச்சரும் கையெழுத்துப் போட்டு இதை ரத்து செய்ய முடியாது. பள்ளி வரவேற்பறை வரை யார் வேண்டுமானாலும் வரலாம். வகுப்பறை அப்படியில்லை.

இங்கேதான் என் தப்பு ஒன்றைச் சொல்ல வேண்டும். 2017இல் ஒரு சமூகக் கூடத்தில் 'உங்கள் உரிமைகள்' கூட்டம். நான் மேடையில் மொழிபெயர்ப்பாளர். வக்கீல் இரண்டு வகை வாரண்டைப் பற்றிப் பேசினார். ஒன்று நீதிமன்றம் கொடுப்பது. இன்னொன்று குடியேற்றத் துறை தன் ஆபீஸிலேயே அச்சடித்து, தன் அதிகாரியே கையெழுத்துப் போடுவது. ஐ-200, ஐ-205 என்று அந்தப் படிவங்களுக்கு எண் உண்டு. நான் இரண்டையும் 'பிடிவாரண்ட்' என்று சொல்லிக்கொண்டே போனேன். கூட்டம் முடிந்ததும் ஒரு பெரியவர் வந்து, "அப்போ பிடிவாரண்ட் காட்டினா கதவைத் திறந்துடணும், அதானேம்மா?" என்றார். ஒன்றரை மணி நேரம் பேசியதெல்லாம் வீண் என்று அந்த நிமிஷம் தெரிந்தது. நம் காதில் பிடிவாரண்ட் என்று விழுந்தால் ஜட்ஜ் முத்திரையும் போலீஸ் ஜீப்பும்தான் மனதில் வரும்.

அன்றிலிருந்து நான் முதலாவதை 'ஜட்ஜ் வாரண்ட்' என்றும் இரண்டாவதை 'ஆபீஸ் தாள்' என்றும்தான் சொல்கிறேன். அகராதிக்காரர்கள் மன்னிக்கட்டும். ஜட்ஜ் வாரண்டில் மேலே ஒரு நீதிமன்றத்தின் பெயர் இருக்கும், எந்த இடத்தைச் சோதிக்கலாம் என்று முகவரி இருக்கும், தேதி இருக்கும், கீழே நீதிபதியின் கையெழுத்து இருக்கும். ஆபீஸ் தாளில் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் பெயரும் அதிகாரியின் கையெழுத்தும்தான். 'இமிக்ரேஷன் ஜட்ஜ்' கையெழுத்து இருந்தாலும் ஏமாறாதீர்கள். அவரும் அரசு நிர்வாகத்துக்குள்ளேயே இருக்கிறவர். கதவைத் திறக்க அந்தக் கையெழுத்து போதாது.

2025 ஏப்ரல் 7ஆம் தேதி லாஸ் ஏஞ்சலஸில் இரண்டு ஆரம்பப் பள்ளிகளுக்கு உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை ஆட்கள் வந்தார்கள். சில குழந்தைகளின் நலம் விசாரிக்க வந்தோம், பெற்றோர் சம்மதித்திருக்கிறார்கள் என்றார்கள். பெற்றோர் அப்படிச் சம்மதிக்கவே இல்லை என்று பள்ளி நிர்வாகம் பிறகு சொன்னது. இரண்டு தலைமையாசிரியர்களும் உள்ளே விடவில்லை. வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். துப்பாக்கி வெடிக்கவில்லை, யாரும் கத்தவில்லை. முன்மேசையில் இருந்தவருக்கு என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்திருந்தது. உங்கள் பள்ளி அனுப்பிய கடிதமும் இந்த ஏற்பாட்டைச் சேர்ந்ததுதான். கலிபோர்னியாவில் ஏபி 49 என்ற சட்டம் 2025 செப்டம்பர் 20 முதல் நடப்பில் இருக்கிறது: ஜட்ஜ் வாரண்டோ கோர்ட் உத்தரவோ இல்லாமல் பள்ளி ஊழியர்கள் குடியேற்ற அதிகாரிகளைப் பொது இடத்தைத் தாண்டி விடக் கூடாது. இது பள்ளியைக் கட்டுப்படுத்தும் சட்டம், மத்திய அதிகாரியைக் கட்டுப்படுத்தாது. அவர் மீறி நுழைந்தால் மல்லுக்கு நிற்க வேண்டாம். 'சம்மதம் இல்லை' என்று சொல்லிவிட்டு, பெயரையும் பேட்ஜ் எண்ணையும் எழுதிக்கொள்ள வேண்டும். வெளியே நடைபாதை, பஸ் நிறுத்தம், எதிர்ச்சாரி பார்க்கிங், இவற்றுக்கெல்லாம் இந்தச் சட்டம் எட்டாது.

ஹெச்1பி குடும்பத்துக்கு என்ன பயம் என்று கேட்டீர்கள். நிலை சரியாக இருந்தால் பெரிதாக ஒன்றுமில்லை. 18 வயது நிரம்பிய வெளிநாட்டவர் தங்கள் பதிவுச் சான்றைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது பழைய சட்டம், இப்போது அதை நினைவுபடுத்திக்கொண்டே இருக்கிறார்கள். ஐ-94 என்ற வருகைப் பதிவின் பிரதி ஒன்று எப்போதும் உங்கள் கையோடு இருக்கட்டும். ஆனால் உங்கள் மகள் பக்கத்தில் உட்காரும் குழந்தை பள்ளிக்கு வராமல் போகலாம். ஸ்டான்ஃபோர்டில் தாமஸ் டீ என்ற கல்வித் துறைப் பேராசிரியர் கலிபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கின் 5 பள்ளி மாவட்டங்களின் வருகைப் பதிவை எடுத்துப் பார்த்தார். 2025 தொடக்கத்தில் நடந்த சோதனைகளுக்குப் பிறகு பள்ளிக்கு வராத குழந்தைகளின் எண்ணிக்கை 22 சதவீதம் கூடியிருந்தது. பாதாம் தோட்டத்திலும் ஆரஞ்சுத் தோட்டத்திலும் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள். அந்தச் சோதனைகள் பள்ளிக்குள் நடக்கவில்லை. வழியில் நடந்தன, அவ்வளவுதான்.

*'வாரண்ட்', 'வாரண்ட்' என்று எழுதுகிறீர்கள். 'பிடியாணை' என்று அழகான தமிழ் இருக்கே. அது நிற்க, கனடாவில் இந்தச் சிக்கல் இல்லைதானே?*
— ஒரு ஆசிரியர், ஸ்கார்பரோ

பிடியாணை நல்ல சொல்தான் ஐயா, யாழ்ப்பாணத்து நோயாளிகள் எனக்குச் சொல்லிக்கொடுத்த எத்தனையோ சொற்களில் ஒன்று. சிக்கல் மேலே சொன்னதுதான்: 'ஆணை' என்று சேர்ந்துவிட்டால் நம் ஆட்கள் கதவைத் திறந்துவிடுவார்கள்.

ஒன்டாரியோ கல்விச் சட்டத்தின் 49.1ஆம் பிரிவு, பிள்ளையோ பெற்றோரோ முறையான அனுமதியில்லாமல் நாட்டில் இருக்கிறார்கள் என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்கிறது. ஆனாலும் 2006இல் டொராண்டோவில் எல்லைச் சேவை அதிகாரிகள் பள்ளிக்கே போய்ப் பிள்ளைகளைப் பிடித்தார்கள். பெரிய கூச்சல் எழுந்தது. அடுத்த வருடம் டொராண்டோ பள்ளி வாரியம், குடியேற்ற நிலையைக் கேட்பதில்லை, தெரிந்தாலும் சொல்வதில்லை என்று கொள்கை எடுத்தது. அகதிக் கோரிக்கை நிலுவையில் இருந்த காலத்தில் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்தவர்கள் உங்கள் ஊரில் தெருவுக்குத் தெரு இருப்பார்கள். இதை அவர்களே என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

*என் அசைலம் (அகதித் தஞ்சம்) விண்ணப்பம் நான்கு வருடமாக நிலுவையில் இருக்கிறது. மனைவிக்கு எட்டாவது மாதம். ஆஸ்பத்திரிக்குப் போனால் பெயர், முகவரி எல்லாம் ஐஸுக்குப் போய்விடும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். வீட்டிலேயே ஒரு மருத்துவச்சியை வைத்துப் பார்த்துக்கொள்ளலாமா என்று யோசிக்கிறோம்.*
— பெயர் வேண்டாம், ஸ்டாக்டன்

வேண்டாம் தம்பி. மருத்துவச்சி வேண்டாம் என்று சொல்லவில்லை. பயத்துக்காக அந்த முடிவை எடுக்க வேண்டாம் என்கிறேன்.

2025 பிப்ரவரியில் எனக்கு ஒரு போன் மொழிபெயர்ப்பு வந்தது. கர்ப்பிணி, சர்க்கரைப் பரிசோதனைக்கு மூன்று முறை தேதி கொடுத்தும் வரவில்லை. நர்ஸ் ஏன் என்று கேட்கச் சொன்னார். அந்தப் பெண் கொஞ்சம் தயங்கிவிட்டு, "அந்த ஆஸ்பத்திரிக்குப் பின்வாசல் இருக்காக்கா?" என்றாள். மொழிபெயர்ப்பாளர் சொந்தமாகப் பதில் சொல்லக் கூடாது. கேட்டதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். நர்ஸுக்குப் புரியவில்லை. "பார்க்கிங் எங்கே என்று கேட்கிறாரா?" என்றார். அதையும் நான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பெண் சிரித்துவிட்டாள். அப்புறம் அழுதாள். நான் இரண்டையும் மொழிபெயர்க்கவில்லை.

உங்களுக்கு வேண்டிய விஷயங்கள் இவை. அவசரமாக வருகிறவரையும் பிரசவ வலியில் வருகிறவரையும் ஆஸ்பத்திரி பார்த்தே ஆக வேண்டும். இது 1986ஆம் வருட மத்தியச் சட்டம், மெடிகேர் என்ற மத்திய அரசுக் காப்பீட்டுப் பணம் வாங்கும் எல்லா அவசரப் பிரிவுகளுக்கும் பொருந்தும். பாஸ்போர்ட் கேட்டுத்தான் உள்ளே விடுவோம் என்று அவர்களால் சொல்ல முடியாது. கலிபோர்னியாவில் அதோடு எஸ்பி 81 என்ற சட்டம் இருக்கிறது. பள்ளிச் சட்டத்தோடு அதே நாளில் கையெழுத்தானது. நோயாளி எங்கே பிறந்தார், அவர் குடியேற்ற நிலை என்ன என்பதெல்லாம் இதன்படி மருத்துவ ரகசியம். பிரசவ அறை போன்ற இடங்களைப் பொதுவல்லாத இடம் என்று ஆஸ்பத்திரி குறித்துவைக்க வேண்டும், ஜட்ஜ் வாரண்ட் இல்லாமல் அங்கே விடக் கூடாது. காத்திருக்கும் கூடம் வேறு. அங்கே யாரும் வந்து உட்காரலாம். அதனால் போனவுடன் உள்ளே அழைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், கூச்சப்படாமல் கேளுங்கள்.

உங்கள் நண்பர்கள் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. மெடிக்கெய்ட் என்ற, வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீட்டின் பயனாளிகளின் விவரங்களை மத்தியச் சுகாதாரத் துறை உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்குக் கொடுத்தது 2025 ஜூனில் வெளியே வந்தது. கலிபோர்னியா உட்பட 20 மாநிலங்கள் வழக்குப் போட்டன. அந்தச் சண்டை லேசில் முடிகிற ஜாதி இல்லை. ஆனால் உங்கள் முகவரி ஏற்கெனவே அவர்களிடம் இருக்கிறதே தம்பி! அசைலம் விண்ணப்பத்தில் நீங்களே எழுதிக் கொடுத்தது. ஆஸ்பத்திரியிடமிருந்து மறைப்பதால் மிச்சமாவது என்ன? பிரசவச் செலவுக்கு மெடி-கால் உண்டு, கலிபோர்னியாவில் மெடிக்கெய்டுக்கு அதுதான் பெயர். 2026 ஜனவரியில் முறையான நிலை இல்லாத பெரியவர்களைப் புதிதாகச் சேர்ப்பதை நிறுத்தியபோதும் கர்ப்பிணிகளுக்கு அந்தத் தடை இல்லை. உங்கள் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு விண்ணப்பியுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முதல் போனிலேயே சொல்லிவிடுங்கள், அதற்குக் காசு கிடையாது. குழந்தை பிறந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

*13 வருடமாக கிரீன் கார்டுக்குக் காத்திருக்கிறேன். போக்குவரத்து அபராத டிக்கெட் ஒன்று கூட வாங்காமல் வண்டி ஓட்டுகிறேன். சட்டத்தை மீறி வந்தவர்களுக்குப் பள்ளியும் கோயிலும் ஒளிந்துகொள்ள இடமா? உங்களைப் போன்றவர்கள் இதற்கு வக்காலத்து வாங்குவது எனக்குப் பிடிக்கவில்லை.*
— ஒரு வாசகர், டாலஸ்

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன் ஐயா. கோபத்தில் நியாயம் இருக்கிறது. வருடத்துக்குக் கொடுக்கும் கிரீன் கார்டுகளில் எந்த நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது என்ற உச்சவரம்பு இந்தியர்களை வரிசையில் நிற்க வைத்தே நரைக்க வைக்கிறது. அதை எழுதியவர்களைத் திட்டுங்கள், கூட நானும் வருகிறேன்.

'ஒளியும் இடம்' என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். பழைய சுற்றறிக்கை ஒன்றிலும் அப்படி இல்லை. உயிருக்கு ஆபத்து, தேசப் பாதுகாப்பு, துரத்திக்கொண்டு வருவது, எல்லாவற்றுக்கும் விலக்கு இருந்தது. மேலதிகாரியிடம் முன்னனுமதி வாங்கினாலும் போகலாம். அது சொன்னதெல்லாம், அவனைப் பிடிக்க வேறு இடமே இல்லையா, குழந்தை முன்னால்தானா என்று ஒரு தடவை யோசித்துவிட்டுப் போ என்பதுதான். யாரையும் நாடு கடத்தவே கூடாது என்று நான் சொல்கிறவள் இல்லை. கோர்ட்டில் எத்தனையோ வெளியேற்ற உத்தரவுகளை என் வாயாலேயே தமிழில் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் மாநிலத்துக் கதை ஒன்று. 1975இல் டெக்சஸ் அரசு, முறையான அனுமதியில்லாத பிள்ளைகளின் படிப்புக்கு மாநிலப் பணம் கிடையாது என்று சட்டம் போட்டது. டாலஸிலிருந்து ஒன்றரை மணி நேரத் தூரத்தில் டைலர் என்ற ஊர். அங்கே பள்ளி நிர்வாகம் அப்படிப்பட்ட பிள்ளைக்கு வருடம் 1,000 டாலர் கட்டச் சொன்னது. நான்கு குடும்பங்கள் வழக்குப் போட்டன. 1977இல் நீதிபதி வில்லியம் வெய்ன் ஜஸ்டிஸ் (பெயரே அதுதான், நான் வைக்கவில்லை) விசாரணையைக் காலை 6 மணிக்கு வைத்தார், பெற்றோர் யார் கண்ணிலும் படாமல் வந்து போகட்டும் என்று. ஒரு குடும்பம் தட்டுமுட்டுச் சாமான்களைக் காரில் ஏற்றிக்கொண்டே வந்ததாம். கோர்ட்டிலிருந்து நேரே எல்லைக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்திருக்கிறார்கள். 1982இல் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்று அந்தப் பிள்ளைகள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பெற்றோர் செய்ததற்குப் பிள்ளையைத் தண்டிப்பது நியாயமில்லை என்பதுதான் அதன் சாரம். ஒரே ஒரு ஓட்டு வித்தியாசம் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். நாடு அன்றும் பாதிப் பாதியாகத்தான் இருந்தது.

இதெல்லாம் மெக்சிகோக்காரர் கதை என்று நினைக்க வேண்டாம். முறையான அனுமதியில்லாத இந்தியர்கள் 2022இல் சுமார் 7 லட்சம் என்கிறது பியூ ஆய்வு மையம். அரசுக் கணக்கு அதைவிட மிகக் குறைவு. எந்தக் கணக்கை எடுத்தாலும் ஒரு ஊரே இருக்கிறது. அப்புறம், உங்களுக்குப் பிள்ளைகள் உண்டா? ஹெச்4இல் இருக்கிற பிள்ளைக்கு 21 வயது ஆனால் அந்த நிலை முடிந்துவிடும் என்பது உங்களுக்குத் தெரியாததில்லை. வரிசையில் ஒழுங்காக நின்றவரின் பிள்ளையும் ஒரு பிறந்தநாளில் வரிசைக்கு வெளியே போய் நிற்கிறது.

*எங்கள் கோயிலுக்கும் வருவார்களா?*
— ஒரு அறங்காவலர், சேக்ரமெண்டோ

வரலாம். 2025 பிப்ரவரி 24ஆம் தேதி மேரிலாந்து ஃபெடரல் நீதிபதி தியோடர் சுவாங், வழக்குப் போட்ட சபைகளின் இடங்களுக்கு மட்டும் பழைய கட்டுப்பாட்டைத் திரும்பக் கொடுத்தார். குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர், ஒரு பாப்டிஸ்ட் கூட்டமைப்பு, அப்புறம் உங்கள் ஊர்க் குருத்வாரா! ஒரே ஊரில் சர்தார்ஜி கோர்ட்டுக்குப் போனார், நாம் பிரசாதம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனோம். ஏப்ரலில் இன்னும் இருபத்தேழு மத அமைப்புகள் வாஷிங்டனில் கேட்டபோது வேறொரு நீதிபதி மறுத்துவிட்டார், அதனால் போனால் கிடைத்துவிடும் என்றும் இல்லை.

பிரகாரம் எல்லோருக்கும் திறந்த இடம். மடப்பள்ளி, அலுவலக அறை, ஞாயிறு தமிழ் வகுப்பு நடக்கும் அறைகள் அப்படியில்லை; ஆனால் அது வெளியே தெரிய வேண்டும். 'அனுமதியின்றி உள்ளே வரக் கூடாது' என்று ஆங்கிலத்தில் பலகை மாட்டுங்கள். யார் பேசுவது என்று இரண்டு பேரை முன்பே முடிவு செய்யுங்கள். குருக்களை அனுப்பாதீர்கள். அவரே மத ஊழியர் விசாவில் இருக்கிறார், பாவம்.

*நான் பத்தாம் வகுப்பு. என் ஃப்ரெண்டின் அப்பா இப்போதெல்லாம் அவளையும் தம்பியையும் கூப்பிட ஸ்கூலுக்கு வருவதில்லை. அவள் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நான் என்ன செய்யலாம் ஆன்ட்டி?*
— ஒரு மாணவி, சான் ஹோசே

கேட்காமல் இருந்தாயே, அதுவே பெரிய விஷயம். இனியும் கேட்காதே. எதையாவது பார்த்ததாக நினைத்தால் குழுவில் போட்டுவிடாதே. 2025 ஜனவரியில் சிகாகோவில் ஒரு பள்ளிக்கு ஐஸ் வந்துவிட்டது என்று நாடு முழுக்கப் பரவியது. வந்தவர்கள் வேறு விஷயத்தை விசாரிக்க வந்த சீக்ரெட் சர்வீஸ்காரர்கள். பயந்தது பயந்ததுதான், திரும்ப எடுக்க முடியவில்லை. அதே சிகாகோவில் நவம்பரில் ஒரு குழந்தைகள் காப்பகத்துக்குள் துரத்திப் போய் ஆசிரியையைக் கைது செய்தது உண்மையாகவே நடந்தது. அதனால்தான் எது உண்மை என்று பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

உன் அம்மாவிடம் சொல். அவர் கார் வழியில்தானே போகிறது? இரண்டு பேரையும் ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் ஆரம்பப் பள்ளியில் தம்பியை யாரிடமும் விட மாட்டார்கள். அவசரத் தொடர்பு அட்டையில் பெயர் இருக்கிறவரிடம்தான் விடுவார்கள். அதில் உன் அம்மா பெயரைச் சேர்க்கப் பள்ளி ஆபீஸில் ஒரு படிவம் கேட்டு வாங்கு. அவள் அப்பா அங்கே வர வேண்டியதில்லை. வீட்டில் வைத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதுமா என்று கேட்டுக்கொள். சாயந்திரம் உன் அம்மாவோடு அவர்கள் வீட்டுக்குப் போ. போகும் முன் ஒரு போன் பண்ணிவிட்டுப் போங்கள். இப்போது அந்த வீட்டில் கதவு தட்டினால் யாரும் திறக்க மாட்டார்கள்.